தன்னையே செரிக்கும் கணையம்

நாம் சாப்பிடும் கறியைச் செரிக்கிற டிரிப்சின் என்ற என்சைம், அதைச் சுரக்கும் கணையத்தை ஏன் செரிப்பதில்லை? அங்கே அது டிரிப்சினோஜனாக உறங்குகிறது. சிறுகுடலுக்கு வந்த பிறகே விழிக்கிறது. உள்ளேயே விழித்துக்கொண்டால்? கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்வதுதான் தீவிர கணைய அழற்சி என்று 1896-இல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி சொன்னார்.

அப்படியானால் என்சைமைத் தடுத்தால் போதுமே! 1936-இல் குனிட்ஸும் நார்த்ரப்பும் மாட்டுக் கணையத்திலிருந்து டிரிப்சின் தடுப்பானைப் படிகமாகப் பிரித்தார்கள். அதே பொருள் பின்னர் அப்ரோட்டினின் என்ற ஊசிமருந்தாயிற்று. டாக்டர்களுக்கு ஏக நம்பிக்கை. ஆனால் 1977-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனையில் சாவு குறையவில்லை.

காரணம்? வயிற்றுவலி என்று நோயாளி வந்து சேர்வதற்குள் டிரிப்சின் தன் வேலையை முடித்திருக்கும். வைக்கோற்போர் பற்றியெரியும்போது தீக்குச்சியை அணைத்து என்ன பயன்?

கியாரியின் கருத்து வீண்போகவில்லை. பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்களில் டிரிப்சினோஜன் மரபணுவிலேயே பிழை இருப்பது 1996-இல் தெரிந்தது. சிகிச்சை என்னவோ இன்றும் முக்கியமாக நரம்புவழித் திரவம், வலிநிவாரணம், கூடிய சீக்கிரம் உணவு என்பதுதான்.

படிக்கும் தம்பி தங்கைகளே, கொள்கை சரியாக இருக்கலாம். மருந்து பலிக்குதா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் பார்க்கணும்!