ராணுவ கேமோ தொப்பி: தலையை மறைக்க வந்தது அடையாளமானது எப்படி? நாமும் போடலாமா?

2019 மார்ச் 8, ராஞ்சி மைதானம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் இந்திய வீரர்கள் வழக்கமான நீலத் தொப்பியை விட்டுவிட்டு, பச்சையும் பழுப்பும் கலந்த ராணுவ பாணி தொப்பியில் களமிறங்கினர். சக வீரர்களுக்கு அதைக் கொடுத்தவர், பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பொறுப்பில் உள்ள தோனி. பிப்ரவரி 14-ல் புல்வாமா தாக்குதலில் உயிரிழந்த 40 சிஆர்பிஎஃப் வீரர்களுக்கான அஞ்சலி அது.

பாகிஸ்தான் கடும் எதிர்ப்பு தெரிவித்தது. முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் அணிந்தார்கள் என ஐசிசி விளக்கம் கொடுத்தது. ஒரு தொப்பிக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு? அதைப் புரிஞ்சுக்க, அந்த தொப்பி பிறந்த கதைக்குப் போகணும்.

தலையை ஏன் மறைக்கணும்?

பதுங்குகுழியில் இருந்து ஒரு வீரர் எட்டிப் பார்த்தால் முதலில் வெளியே தெரிவது தலைதான். உருண்டையான தலை, அதற்குக் கீழே தோள் என்ற வடிவத்தை மனிதக் கண் தூரத்திலேயே பிடித்துவிடும். இரும்பு ஹெல்மெட் போட்டால் சிக்கல் இன்னும் அதிகம். அதன் வழுவழுப்பான வளைவும் வெயிலில் வரும் பளபளப்பும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கேமோ துணி இந்த இரண்டையும் சரிசெய்கிறது. ஒழுங்கில்லாத வண்ணத் திட்டுகள் தலையின் வடிவத்தை உடைத்துக் காட்டும். துணி பளபளப்பை அடக்கும். 'பூனி' எனப்படும் வட்டத் தொப்பியைப் பார்த்திருப்பீங்க. அதைச் சுற்றி இருக்கும் துணி வளையங்கள் அழகுக்கு இல்ல. இலை தழைகளைச் செருகிக்கொள்ளத்தான்.

எப்போது தொடங்கியது?

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரெஞ்சு வீரர்கள் துணித் தொப்பியும் சிவப்பு கால்சட்டையுமாகத்தான் களத்துக்குப் போனார்கள். பெரும் உயிரிழப்புக்குப் பிறகு, 1915-ல் மங்கலான நீலச் சீருடையும் இரும்பு ஹெல்மெட்டும் வந்தன.

1918-ல் ஜெர்மனி தன் வீரர்களின் ஹெல்மெட்டுகளில் பச்சை, பழுப்பு நிறக் கட்டங்களைத் தீட்டி, இடையில் கறுப்புக் கோடு போட உத்தரவிட்டது. 1942-ல் அமெரிக்க மரைன் படைக்கு ஹெல்மெட் மேல் மாட்டும் துணி உறை வந்தது. ஒரு பக்கம் காட்டுக்கு ஏற்ற பச்சை, திருப்பிப் போட்டால் மணலுக்கு ஏற்ற பழுப்பு. பூனி தொப்பி பிரபலமானது வியட்நாம் போரில்.

ஒரே ராணுவம், இரண்டு வகை தொப்பி

ராணுவத்தில் எல்லா தொப்பியும் மறைவதற்கு இல்ல. பாரா படையினரின் மெரூன் நிற 'பெரே' தொப்பி, 'நான் இந்தப் படைக்காரன்' என்று காட்டுவதற்காகவே அணிவது. கேமோ தொப்பியின் வேலை அதற்கு நேர் எதிர்.

ஆனால் ராணுவத்துக்கு வெளியே வந்ததும் கதை மாறிடுச்சு. ஊருக்குள் கேமோ தொப்பி யாரையும் மறைப்பதில்லை. கூட்டத்தில் தனியாகக் காட்டுகிறது. ராஞ்சியில் நடந்ததும் இதுதான். தியாகத்தின் சின்னமாக ஒரு தரப்பு பார்த்தது. விளையாட்டில் அரசியல் என இன்னொரு தரப்பு பார்த்தது.

நாம போடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படை தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தனர். அதன் பிறகு, ராணுவ பாணி உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், கடைகளில் விற்க வேண்டாம் என ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. 2022 ஜனவரி 15-ல் ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய டிஜிட்டல் கேமோ சீருடையின் வடிவமைப்பும் ராணுவத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது. அனுமதியில்லாமல் அதைத் தயாரித்து விற்றால் சட்ட நடவடிக்கை வரலாம்.

சட்டம் என்ன சொல்லுது? ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்ப வைக்கும் நோக்கத்தோடு, வீரர்களின் உடை போன்றதை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின் கீழ் குற்றம். 3 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அதாவது, துணியின் நிறத்தைவிட போடுபவரின் நோக்கம்தான் முக்கியம். சின்னம், பேட்ஜ் எதுவும் இல்லாத சாதாரண ஃபேஷன் தொப்பியைப் போட்டதற்காக மட்டும் இந்தப் பிரிவு பாயாது.

வெளிநாடு போறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் கேமோ உடை அணியவே தடை இருக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கும் விலக்கு இல்ல. வெஸ்ட் இண்டீஸில் மேட்ச் பார்க்கப் போறீங்களா? கேமோ தொப்பியை வீட்டிலேயே வெச்சிட்டுப் போங்க.