படைவீரர்களின் இயலாமை மதிப்பீடு: திருப்தியை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்க இராணுவத்தில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்வது இப்போது அரிதான செய்தி இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சேர்கிறார்கள். 2009-இல் தொடங்கிய 'மாவ்னி' திட்டத்தின் வழியே, கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவிலும் எச்1பி விசாவிலும் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். மருத்துவப் பயிற்சி பெற்றோருக்கும் குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்தோருக்குமான திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்படும் வரை, பல நாட்டவருமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் படையில் சேர்ந்தனர்.

படையில் சேரும் கதையைப் பேசும் அளவுக்கு, காயத்தோடோ நோயோடோ வெளியே வரும் கதையை நாம் பேசுவதில்லை. அப்படி வருபவரின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் ஒரு சதவீத எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை முடிவு செய்வதுதான் இயலாமை மதிப்பீடு. இந்த மதிப்பீடு ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய, அரசு படைவீரர்களிடமே கருத்துக்கணிப்பு நடத்தி, 'இத்தனை சதவீதம் பேருக்குத் திருப்தி' என்று வெளியிடுகிறது. அந்தத் திருப்தி எண் எப்படி உருவாகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு சதவீதம் எதையெல்லாம் மாற்றும்?

முன்னாள் படைவீரர் நலத் துறையை எல்லோரும் 'வி.ஏ.' என்றே அழைக்கிறோம். வி.ஏ. தரும் மதிப்பீடு 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக உயரும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் இருந்தால் அவற்றை நேராகக் கூட்டுவதில்லை. முதுகுக்கு 50, காதுக்கு 30 என்றால் விடை 80 ஆகாது. முதல் 50 போக மீதி உள்ள 50-இல் 30 சதவீதம், அதாவது 15, சேரும். மொத்தம் 65. அதை 70 ஆக முழுமையாக்குவார்கள். முதன்முறை கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குழம்பும் இடம் இது.

இராணுவத்தின் கணக்கு வேறு. பணிக்குத் தகுதியற்றவராக ஆக்கிய பாதிப்புகளை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். இருபது ஆண்டு சேவை முடிக்காதவருக்கு அந்த மதிப்பீடு 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவ ஓய்வு கிடைக்கும். மாத ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் அதனுடன் வரும். 30-க்குக் கீழே போனால் பொதுவாக ஒருமுறை தரும் தொகையோடு கணக்கு முடிந்துவிடும். 20-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி, வாழ்நாள் முழுதும் தொடரும் இடைவெளி.

நாம் அதிகம் வாழும் மாநிலங்களிலும் இந்த எண் பேசுகிறது. நியூ ஜெர்சியில், சேவையால் நிரந்தரமாக 100 சதவீத இயலாமை அடைந்தவராக வி.ஏ. ஏற்றுக்கொண்ட முன்னாள் படைவீரரின் வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. டெக்சாஸிலும் 100 சதவீத மதிப்பீடு பெற்றவரின் குடியிருப்பு வீட்டுக்கு முழு விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் விலக்கு வீட்டு மதிப்பின் ஒரு பகுதிக்கே. இவ்விரு பக்கத்திலும் வீட்டு வரி கட்டுபவர்களுக்கு இதன் மதிப்பை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2007: வால்டர் ரீட் தந்த அதிர்ச்சி

2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் புறநோயாளிகளாகத் தங்கியிருந்த வீரர்களின் நிலையைத் தொடராக வெளியிட்டது. சுவரில் பூஞ்சை பிடித்த அறைகள் எல்லோர் கவனத்தையும் ஈர்த்தன. அதைவிடப் பெரிய துன்பம் காகிதத்தில் இருந்தது. இராணுவம் ஒருமுறை பரிசோதித்து ஓர் எண் தரும். வெளியே வந்தபின் வி.ஏ. மீண்டும் முதலிலிருந்து பரிசோதித்து வேறோர் எண் தரும். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் வருமானம் இருக்காது.

அதே ஆண்டு முன்னாள் செனட்டர் பாப் டோலும் முன்னாள் அமைச்சர் டோனா ஷலாலாவும் தலைமை தாங்கிய ஆணையம் நியமிக்கப்பட்டது. ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காயமுற்ற வீரர்களிடம் நாடளாவிய கருத்துக்கணிப்பு நடத்தியது. இயலாமை மதிப்பீட்டில் திருப்தி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. வீரர்களிடம் நேரே கேட்டதால் கிடைத்த இந்த விடை, சீர்திருத்தத்துக்கு வலுவான காரணமாக அமைந்தது.

2007 நவம்பரில் வாஷிங்டன் பகுதியில் புதிய முறை சோதனையாகத் தொடங்கியது. ஒருங்கிணைந்த இயலாமை மதிப்பீட்டு முறை என்று அதற்குப் பெயர். இராணுவமும் வி.ஏ.வும் ஒரே பரிசோதனையைப் பயன்படுத்தும், மதிப்பீட்டை வி.ஏ. தரும், வீரர் படையில் இருக்கும்போதே எல்லாம் முடியும். 2011 செப்டம்பருக்குள் எல்லாப் படைத்தளங்களுக்கும் இது விரிந்தது. டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட், சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் போன்ற பெரிய தளங்களின் வீரர்களும் இதே பாதையில்தான் செல்கிறார்கள்.

67 எப்படி 24 ஆனது?

புதிய முறையோடு கருத்துக்கணிப்பும் வந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வீரரிடம் கேட்டார்கள்: மொத்த அனுபவம் எப்படி, நியாயமாக நடந்ததா, உங்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட அலுவலர் எப்படி நடந்துகொண்டார் என்று. பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி சுமார் 67 சதவீதம் பேர் திருப்தி.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் 2012 ஆகஸ்டில் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. துறை, ஒருவர் தந்த எல்லா விடைகளின் சராசரியை எடுத்து அவரைத் திருப்தியாளர் என்றோ அல்லாதவர் என்றோ வகைப்படுத்தியிருந்தது. ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் இது எளிதில் விளங்கும். ஐந்து புள்ளி அளவுகோலில் அலுவலரின் மரியாதைக்கு 5, அவர் விளக்கிச் சொன்ன விதத்துக்கு 5, காத்திருந்த காலத்துக்கு 2, நியாயத்துக்கு 2 என்று ஒருவர் தருகிறார். சராசரி 3.5. நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டதால் அவரைத் திருப்தியாளர் என்று எழுதிவிடலாம். தன் வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று அவர் சொன்னது அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும்.

எல்லாக் கேள்விகளுக்கும் திருப்தி என்று சொன்னவரை மட்டும் திருப்தியாளராகக் கொண்டால் என்ன ஆகும் என்று ஜி.ஏ.ஓ. மாற்றிக் கணக்கிட்டது. விடை சுமார் 24 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் அதே வீரர்கள், அவர்கள் சொன்னதும் அதே பதில்கள். இரண்டாவது கணக்கு மிகக் கறாரானது என்று வாதிடலாம். ஒரே ஒரு குறை சொன்னவரும் அதில் வெளியே போய்விடுகிறார். ஆனால் 67 என்ற எண்ணை மட்டும் பார்த்த ஒருவருக்கு, நான்கில் மூவரிடம் ஏதோ ஒரு குறையாவது இருந்தது என்பது தெரியவே வாய்ப்பில்லை.

அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முழுநேரப் படைவீரர்களுக்கு 295 நாள், ரிசர்வ், காவல்படை வீரர்களுக்கு 305 நாள் என்பது இலக்கு. 2011 நிதியாண்டில் உண்மையில் ஆன சராசரிக் காலம் 394 நாளும் 420 நாளும். இலக்குக்குள் முடித்துப் பலன் பெற்றவர்கள் முறையே 19 சதவீதமும் 18 சதவீதமும்தான். ஐந்தில் நான்கு வழக்குகள் தாமதமாகும் ஒரு முறையில் மூன்றில் இருவருக்குத் திருப்தி என்றால், கேட்ட விதத்தைச் சந்தேகிப்பது நியாயமே.

யாரிடம் கேட்கவில்லை?

கணக்கிடும் முறைக்கு முன்பே வரும் கேள்வி, யாரிடம் கேட்டார்கள் என்பது. முந்தைய கட்டத்தின் கருத்துக்கணிப்பில் பங்கேற்காதவருக்கு அடுத்த கட்டத்தில் கேட்கப்படும் தகுதி இல்லாமல் போனது. மருத்துவமனையில் இருந்ததாலோ மனச்சோர்வாலோ முதல் அழைப்பைத் தவறவிட்டவர், கடைசி வரை கணக்கில் வரமாட்டார். யாரிடம் கேட்பது என்பதை இப்படித் தேவையில்லாமல் சுருக்கிவிட்டார்கள் என்று ஜி.ஏ.ஓ. சுட்டிக்காட்டியது.

இதன் பொருளை பே ஏரியாவில் நடந்த ஒரு சம்பவம் நன்றாகக் காட்டுகிறது. வட கலிபோர்னியாவின் விண்ணப்பங்களைக் கவனிப்பது ஓக்லாந்தில் உள்ள வி.ஏ. வட்டார அலுவலகம். அங்கே கவனிக்கப்படாத பழைய விண்ணப்பங்கள் 2012-இல் கண்டுபிடிக்கப்பட்டன. சில 1990-களைச் சேர்ந்தவை. 13,184 என்று ஓர் எண் சொல்லப்பட்டது. வி.ஏ.வின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2015 பிப்ரவரியில் தந்த அறிக்கை, பல விண்ணப்பங்கள் உரிய காலத்தில் கவனிக்கப்படவில்லை என்று உறுதிசெய்தது. பதிவேடுகள் சரியாக இல்லாததால் எத்தனை என்பதை உறுதிசெய்ய இயலவில்லை என்றது.

மதிப்பீடு முடிந்தவரிடம் 'திருப்தியா?' என்று கேட்கும் எந்தக் கருத்துக்கணிப்பும் அந்த அலமாரியில் கிடந்த விண்ணப்பத்தின் சொந்தக்காரரைத் தேடிப் போயிருக்காது. அதிகம் பாதிக்கப்பட்டவரே இப்படி எண்ணிக்கைக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

இன்று வி.ஏ. பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே கருத்துக் கேட்கிறது. வி.ஏ. மீது நம்பிக்கை உண்டு என்று சொன்னவர்கள் 2016-இல் 55 சதவீதம், 2024-இல் 80.4 சதவீதம் என்று அது அறிவித்தது. இது நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் இது வி.ஏ. சேவையை அண்மையில் பயன்படுத்தியவர்களின் குரல். விண்ணப்பிக்காமலே இருப்பவர், நிராகரிக்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டவர் ஆகியோரின் குரலையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

இந்தியாவில் இதே கேள்வி

நம்மில் பலருக்கு அப்பாவோ மாமாவோ இந்திய இராணுவத்தில் இருந்தவர்கள். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த ஊர்கள் உண்டு. அங்கே இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் நீதிமன்றத்தில் கிடைத்தது. சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்ததாகவே முதலில் கருத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பீட்டை 50, 75, 100 என்று உயர்த்தி முழுமையாக்கும் பலன், பணியில் காயமுற்று ஓய்வுபெற்ற மற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-இல் தீர்ப்பு வந்தது. சென்னையிலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. கருத்துக் கேட்கும் படிவம் இல்லாத இடத்தில் வழக்குகளின் எண்ணிக்கையே அதிருப்தியின் அளவாகிறது. ஆனால் வழக்குப் போட வசதியும் துணிவும் உள்ளவர்களை மட்டுமே அந்த அளவு காட்டும்.

நம் குடும்பங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

முதலாவது, கருத்துக்கணிப்பு மேல்முறையீடு ஆகாது. 'திருப்தி இல்லை' என்று எழுதினால் மதிப்பீடு மாறாது. வி.ஏ. முடிவை ஏற்க முடியாவிட்டால், கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள், புதிய ஆதாரத்துடன் துணை விண்ணப்பம், மூத்த மதிப்பீட்டாளரின் மறுபார்வை, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். படையில் இருக்கும்போதே மதிப்பீடு நடக்கிறது என்றால், வாரியத்தின் முன் நேரில் வாதாடவும், அதற்கு இலவச வழக்கறிஞர் உதவி பெறவும் உரிமை உண்டு.

இரண்டாவது, கருத்துக்கணிப்பு வந்தால் பதில் எழுதுங்கள். பதிலளிப்பது விருப்பத்தைப் பொறுத்தது. என்ன எழுதினாலும் உங்கள் பலன்கள் பாதிக்கப்படாது. 'அதிகாரியைக் குறை சொன்னால் நமக்கு வம்பு' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அந்தப் பயத்தால் எல்லாவற்றுக்கும் 5 போட்டால், அடுத்து வருபவருக்கும் அதே காத்திருப்புத்தான். உபசரிப்பு நன்றாக இருந்தால் அதற்கு 5 தரலாம்; காலதாமதத்துக்கு அதன் உண்மையான மதிப்பெண்ணைத் தாருங்கள். எழுதும் இடம் இருந்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் போனது என்று குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, சமூகப் பாதுகாப்பு எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ கேட்டு வரும் 'கருத்துக்கணிப்பு' அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

நான்காவது, முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக உதவுகிறார்கள். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் கவுண்டி அளவிலும், நியூ ஜெர்சியில் மாநில அரசின் அலுவலகங்களிலும் இதற்கென அலுவலர்கள் உள்ளனர்.

அடுத்த முறை 'இத்தனை சதவீதம் வீரர்கள் திருப்தி' என்ற செய்தியைப் படிக்கும்போது, யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், எப்படிக் கூட்டினார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்போம். நம் தமிழ்ச் சங்கங்களில் படைப்பணி முடித்த உறுப்பினர் யாராவது இருந்தால், அவருடைய மதிப்பீடு எப்படி நடந்தது என்று நாமே ஒருமுறை விசாரிக்கலாம். விண்ணப்பிக்காமலே விட்டிருந்தால், அருகிலுள்ள அலுவலகத்துக்கு அவருடன் சென்று வருவது ஒரு சனி, ஞாயிறு விழாவை ஏற்பாடு செய்வதைவிடக் கடினமான வேலை இல்லை.