மனமும் மருந்தும்

யூனானி மருத்துவம் உடல்நலத்திற்கு இன்றியமையாதவை ஆறு என வகுத்துள்ளது: காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், தேக்கமும் கழிவும். கோபத்தையும் கவலையையும் உணவோடும் நீரோடும் ஒரே வரிசையில் வைத்தே ஹகீம்கள் எண்ணினர்.

டில்லியில் யூனானியும் ஆயுர்வேதமும் ஒருங்கே கற்பிக்க ஹகீம் அஜ்மல்கான் நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். சித்தப்பிரமைக்கு நாட்டு மருத்துவர்கள் தந்துவந்த சர்ப்பகந்தி வேரை அங்கே ஆராய்ந்தவர் சலீமுஸ்ஸமான் சித்தீகி. 1931இல் தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு, மறைந்த ஹகீமின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். 1952இல் அவ்வேரிலிருந்தே சுவிட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ‘ரிசர்ப்பின்’ மனநோய்க்கு மருந்தாயிற்று.

காய்ச்சலை மறைக்காத நாம் மனநோயை மட்டும் மறைப்பானேன்? அந்த ஹகீம்கள் அதனையும் நோயென்றே கொண்டு மருந்து தேடினர்.