இரும்புச் செதிலின் பயணம்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிக்காரர்கள் ரயிலேற வருவது ராஜபாளையத்துக்குத்தான். 1927-இல் விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதையாகத் திறந்த தடம், 2004-இல் அகலப்பாதையானது. மீட்டர்கேஜ் காலத்தில் போல்ட் முடுக்கிய இணைப்புகள் அதிகம். வண்டி ‘தடக் தடக்’கென்றே ஓடும். அந்தச் சத்தம் குறைந்ததற்குப் பின்னால், உருக்காலைக் குப்பையிலிருந்து புறப்பட்ட ஒரு பொருளும் இருக்கிறது.

சிவக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கிடையே நசுக்கும்போது அதன் மேல்தோல் செதில் செதிலாக உதிரும். கறுத்த இரும்பு ஆக்சைடு அது. காயவைத்துச் சலித்து, அலுமினியத் தூளுடன் கலந்தால் தெர்மிட். எடையில் ஏறக்குறைய மூன்று பங்கு ஆக்சைடு, ஒரு பங்கு அலுமினியம். ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஸ்மிட் 1890-களில் கார்பன் கலக்காத குரோமியமும் மாங்கனீசும் எடுக்கத் தேடிய வழி இது. 1899-இல் எஸ்ஸன் நகரத்து டிராம் தண்டவாளங்களை இதைக்கொண்டு ஒட்டினார்கள். பிறகு போர்க்காலத்தில் தீக்குண்டுகளுக்குள்ளும் போனது. அந்தக் கதையை விட நமக்கு வேண்டியது தண்டவாளம்.

தண்டவாளத்தின் எடைக்கும் இரும்பின் தரத்துக்கும் ஏற்றபடி அளந்து, பையில் அடைத்துத்தான் கலவை வரும். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்துக்கு வந்த பையை 60 கிலோவுக்குப் போடக்கூடாது. ஈரம் பட்ட பையைத் தொடவே கூடாது. கொதிக்கும் உலோகத்தில் ஈரம் சேர்ந்தால் வெடித்துச் சிதறும். சிதறாமல் தப்பினாலும் இணைப்புக்குள் காற்றுப்புழை விழும்.

வண்டி வராத இடைவேளையில் வேலை நடக்கும். இரு முனைகளுக்கிடையே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் அச்சுக்கட்டி, விளிம்பை மணலால் அப்பி அடைப்பார்கள். முனைகளைச் சூடேற்றியதும் கலவை நிரப்பிய மூசையை மேலே கொண்டுவந்து வைப்பார்கள். அதன் உட்பூச்சு மேக்னசைட். சேலத்தில் வெள்ளைக்கல் என்று தோண்டுகிறார்களே, அதே கனிமம். திரி பற்றியதும் அலுமினியம் ஆக்சிஜனை இரும்பிடமிருந்து பறித்துக்கொள்கிறது. வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். வெறுங்கண்ணால் பார்க்க முடியாத வெளிச்சம். அரை நிமிடத்துக்குள் எடை கூடிய இரும்பு அடியில் தங்க, அலுமினிய ஆக்சைடு கசடாக மிதக்கும். அடித்துளை திறந்து, முதலில் இரும்பு இடைவெளிக்குள் இறங்குகிறது. குப்பையாய் உதிர்ந்த செதில், வண்டியைச் சுமக்கும் தண்டவாளமாகிவிட்ட கணம் அது. எனக்கு இதைவிட வியப்பான வேதிவினை இல்லை.

இறுகியதும் மேலே துருத்தியதைச் சீவி, சமமாகத் தேய்ப்பார்கள். வார்த்து அரைமணி நேரமாவது ஆகாமல் வண்டியை விடுவதில்லை. வெல்டர் யார், எந்த மாதம், எந்த வருடம் என்பதெல்லாம் இணைப்புக்குக் குறியீடாகப் பதிவாகும். கேளா ஒலியால் உள்ளே சோதிப்பார்கள். அதன்பின் வெயிலில் விரியும் நெருக்கலும் குளிரில் சுருங்கும் இழுப்பும் அதன் பாடு. தண்டவாளம் முறிவது பெரும்பாலும் குளிர்ந்த நேரத்தில்தான். அதனால்தான் பனிக்கால இரவுகளில் டிராக்மேன்கள் கைவிளக்கோடு தடம் பார்த்து நடக்கிறார்கள். இந்த ஊர் ரயில்களில் நாம் அயர்ந்து தூங்குவது அவர்கள் தயவில்.

பழுது தெரிந்தால் அந்த இணைப்பையே வெட்டி எடுப்பார்கள். புதுத் துண்டு செருகினால் இரண்டு முனையிலும் மறுபடி ஒட்டவேண்டும். அப்படிச் செருகாமல் 75 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கூடுதல் கலவையுள்ள பையால் வார்த்தால் ஒரே ஒட்டில் முடியும்.