எடைக்கல்லில் நிற்காத நோய்

‘பூசினாற்போல் இருக்கிறார்’ என்பது தமிழில் பாராட்டு. ‘இளைத்துப்போய்விட்டாயே’ என்பது கவலை. பஞ்சத்தையும் காசநோயையும் கண்ட சமூகம் சதையைச் சேமிப்பாகவும் மெலிவை இழப்பாகவும் எண்ணியதில் வியப்பில்லை. இன்று நிலைமை தலைகீழ். ஒல்லியானவர் தம்மை நோய் அண்டாது என்று நம்புகிறார். இரத்தப் பரிசோதனையைப் பருத்தவர்களுக்கு விட்டுவிடுகிறார். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

அதன் தொடக்கம் மருத்துவமனையில் நிகழவில்லை. பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே, 1835இல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பது அவர் கண்டது. நோயைப் பற்றி அந்த விகிதம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் எடையையும் ஆயுளையும் இணைத்தன. மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1942-43இல் உகந்த எடைக்கான அட்டவணைகளை வெளியிட்டது. பாலிசி வாங்க வசதியிருந்தவர்களின் உடல்களே அவற்றுக்கு ஆதாரம்.

1972இல் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் கெட்லேயின் விகிதத்துக்கு ‘உடல் நிறை எண்’ என்று பெயரிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்ட ஆண்களை. அவர்களில் பெண்கள் இல்லை; அந்த நாடுகளில் இந்தியாவும் இல்லை. மக்கள்தொகைகளை ஒப்பிட உதவிய அந்த எளிய கருவி, காலப்போக்கில் தனிமனிதருக்கான நற்சான்றிதழாகிவிட்டது. ஆனால் எடைக்கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றே.

அந்தக் குறையை அம்பலப்படுத்தியவை இரண்டு மருத்துவர்களின் உடல்கள். 2004இல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படமொன்று வெளியானது. இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அட்டவணையின்படி இருவரும் ஒன்றே. உடலுக்குள் இரு வேறு மனிதர்கள்.

இந்த வேறுபாடு வளர்ந்தபின் மட்டும் வருவதன்று. புனே அருகேயுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை யாக்னிக்கின் குழு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. இரத்தச் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது தசை. தசை குன்றி, வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு படிந்தால் இன்சுலினின் வேலை தடைபடும். வெளிப்பார்வைக்கு அந்த உடல் மெலிந்தே தெரியும். ஆசிய மக்களுக்கு 25 என்ற எல்லைக்கு முன்பே, 23இலேயே எச்சரிக்கை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னதன் பின்னணி இதுவே.

மறைந்திருக்கும் கொழுப்போடு கதை முடிவதில்லை. கொழுப்பே இல்லாத மெலிவிலும் சர்க்கரை நோய் உண்டு. சுஸ்ருத சம்ஹிதை பிரமேகத்தை இரண்டாகப் பிரிக்கிறது: பிறவியிலேயே வருவது, தகாத உணவாலும் பழக்கத்தாலும் வருவது. முதல் வகையினர் மெலிந்தவர்கள், இரண்டாம் வகையினர் பருத்தவர்கள் என்கிறது. நவீன மருத்துவம் மெலிந்த நோயாளியை ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. 1955இல் ஹியூ-ஜோன்ஸ் ஜமைக்காவில் இத்தகையவர்களை விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த சர்க்கரை நோய் என்று தனிவகை வகுத்தது. சான்று போதவில்லை என்று 1999இல் அதை நீக்கியது. பெயர் போனதே தவிர நோயாளிகள் போகவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களிடம் இன்சுலின் சுரப்பே குறைவு, உள்ளுறுப்புக் கொழுப்பும் குறைவு என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச சர்க்கரை நோய்க் கூட்டமைப்பின் மாநாட்டில் இதற்கு ‘ஐந்தாம் வகை’ என்ற பெயர் ஏற்கப்பட்டது.

வகைப்பெயர் வெறும் சொல்விளையாட்டு அன்று. மெலிந்த ஏழை நோயாளியைப் பருத்தவருக்கான முறையிலேயே நடத்தி, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால், பசியால் வந்த நோய்க்குப் பசியையே மருந்தாகக் கொடுத்ததாகும். மறுபுறம், நகரத்து அலுவலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான மனிதர், சட்டை அளவு மாறவில்லை என்ற நிம்மதியில் பத்தாண்டுகளைக் கடத்திவிடுகிறார். கண்ணோ காலோ சிறுநீரகமோ பழுதுபட்ட பிறகே அவருக்குச் சேதி தெரிகிறது.

இவர்கள் இருவருக்கும் எடைக்கருவி ஒரே பதிலைத்தான் சொல்லும். ஓர் அளவுநாடா அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும்: இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால், எடை எதுவானாலும் கவனம் தேவை. அந்த நாடாவுக்கும் பிடிபடாத ஐந்தாம் வகையினருக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி. ஒல்லியானவர்களும் அந்த வரிசையில் நிற்க வேண்டும்.