ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு
(தமிழகம் வறுமையைக் குறைத்த வரலாறு)



யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் அருந்தும் பாத்திரமும் மட்டுமே இருந்தன. அவற்றை 2 திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்து, ஒன்றில் வீட்டாருக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். 15 நாட்களில் அவர் 10 திர்ஹம் ஈட்டித் திரும்பினார். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில், ஓர் ஏழை நாடு வறுமையிலிருந்து மீளும் வழியும் அடங்கியுள்ளது. உணவின்றி உழைக்க இயலாது. கருவியின்றி உணவு நிலைக்காது.

நம் மாநிலத்தின் வரலாற்றை இவ்விரு திர்ஹங்களைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

உணவும் கல்வியும்

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர், சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை உணர்ந்து மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ரேஷன் கடைகளும் ஏழை வீட்டு அடுப்பு அணையாமல் காத்தன.

கோடரி தந்த காலம்

அதே காமராசர் ஆட்சியில், தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன் முயற்சியால் 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை உருவானது. நிலம், மின்சாரம், சாலை, கட்டடம் ஆகியவற்றை அரசே ஆயத்தமாக அளித்ததால், பெருமூலதனம் இல்லாதவரும் பட்டறை தொடங்க முடிந்தது. 1971இல் சிப்காட் அமைக்கப்பட்டு, மாவட்டங்களுக்கும் தொழில்கள் பரவின.

பின்னர் வளர்ச்சி நம் ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கு நோக்கி நகர்ந்தது. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் தோன்றியது. மறைமலைநகர் புதுநகராக வளர்ந்தது. 1991இல் பொருளாதாரக் கொள்கை மாறிய பின், மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் கார் ஆலைகளை நிறுவின. ஒரு கார் ஆலையைச் சுற்றி உதிரிபாகப் பட்டறை, லாரிப் போக்குவரத்து, உணவகம், வாடகை வீடு எனப் பல பிழைப்புகள் பெருகின. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் விளைநிலங்கள் மனைகளாயின. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோர் குடியேறினர். இப்பகுதிப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ வரிசைகள் நீண்டதற்கும் இக்குடியேற்றம் ஒரு காரணமே.

பயன் எவ்வளவு? திட்டக்குழுவின் மதிப்பீட்டின்படி, 2004-05இல் தமிழக மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர். 2011-12இல் அது சுமார் 11 விழுக்காடாகக் குறைந்தது. அகில இந்திய அளவு அப்போது ஏறத்தாழ 22 விழுக்காடு. தொழில் வளர்ச்சி மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. பள்ளியில் உண்டு படித்த தலைமுறை ஆயத்தமாக இருந்ததால்தான், ஆலைகள் வந்தபோது அவற்றின் வேலைகளைப் பெற முடிந்தது.

மலேசியாவின் பாடம்

நம்மவர் பலருக்கு உறவுள்ள மலேசியாவும் இவ்வழியிலேயே சென்றது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி வறுமையில் இருந்தன. 1990இல் ஆறில் ஒரு பங்கே அந்நிலையில் இருந்தன. நிலமற்றோருக்கு நிலமும், சிற்றூர்களுக்குப் பள்ளியும், இளைஞர்க்கு ஆலை வேலையும் அளிக்கப்பட்டன. ஹஜ் செல்ல விரும்பிய உழவர்களின் சிறுசேமிப்பை வட்டியின்றித் திரட்டி முதலீடு செய்யும் ‘தாபுங் ஹாஜி’ நிறுவனம், பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸின் யோசனையில் உருவாகி 1963இல் செயல்படத் தொடங்கியது.

வளர்ச்சியின் மறுபக்கம்

விரைந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் நம் சமுதாயத்தவர் பலருக்கு வாழ்வளித்த தோல் தொழில், பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. நிரந்தர வேலை அருகி ஒப்பந்த வேலை பெருகிய காலத்தில், ஒரு மாதச் சம்பளம் தவறினாலே குடும்பம் வட்டிக் கடனில் விழுகிறது. வறுமைக்கோட்டைத் தாண்டியவர் அதற்குச் சற்று மேலேதான் நிற்கிறார். ஒரு நோயோ ஆலை மூடலோ அவரை மீண்டும் கீழே தள்ளிவிடும்.

நம் கடமை

அரசும் ஆலைகளும் விட்ட இடைவெளியை நிரப்பவே இறைவன் ஜகாத்தைக் கடமையாக்கினான். தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிற்கருவிகளை வாங்கும் அளவு ஜகாத் வழங்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ரமளானில் அரிசியும் துணியும் பங்கிடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. ஒரு சகோதரிக்குத் தையல் இயந்திரம், ஓர் இளைஞனுக்கு ஐ.டி.ஐ. படிப்புச் செலவு, வேலை இழந்தவருக்கு வட்டியில்லாக் கடன் ஆகியவையே இக்காலக் கோடரிகள். சென்ற ஆண்டு பெற்றவர்களில் எத்தனை பேர் இவ்வாண்டு பெறத் தேவையற்றவராயினர் என்னும் கணக்கும் ஆண்டறிக்கையின் வரவு செலவோடு இடம்பெறல் வேண்டும்.

வாங்கும் கரங்களைக் கொடுக்கும் கரங்களாக ஆக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் ஜமாஅத்திற்கு அருள்வானாக! ஆமீன்.