புஷோன்: தக்கையா, தழையா?

லியோன் நகரத்தின் பழைய தெருக்களில் சுற்றுலாக் கூட்டத்தை நடத்திச் செல்லும் வழிகாட்டிகள், 'புஷோன்' என்ற உணவுக்கடையின் பெயருக்கு இரண்டு கதைகள் வைத்திருக்கிறார்கள். புஷோன் என்றால் பிரெஞ்சில் புட்டியை அடைக்கும் தக்கை. மது விற்கும் கடையாதலால் தக்கையின் பெயரே கடைக்கு ஆகி வந்தது என்பது ஒன்று. குதிரையில் வந்த பயணி உள்ளே உண்டுகொண்டிருக்க, வெளியே ஒருவன் வைக்கோல் பிடியால் குதிரையின் வியர்வையைத் தேய்த்துத் துடைப்பான். அப்படித் தேய்ப்பதற்கு 'புஷோனே' என்று பெயர். கடைப்பெயர் அதிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. கேட்டவர்கள் ஊர் திரும்பி அதையே எழுதுகிறார்கள். எழுதியதைப் படித்தவர்கள் அடுத்த ஆண்டு வந்து அதையே சொல்கிறார்கள். இரண்டுமே பிழை.

இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. லியோனில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கும் எவருக்கும் இவ்வூர்க்காரர் சொல்லும் முதற்சொல் புஷோன்தான். ஆமூருக்குப் போனால் நண்டுக் கறியோடு சோறு கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை பாணனுக்கு வழிசொல்கிறதே, அந்த வகை அறிவுரை இது. வழிசொல்பவர் வாயில் ஒரு சொல் இருக்க, வழிகேட்பவர் மனத்தில் வேறொரு பொருள் இருந்தால், போய்ச் சேரும் இடம் தவறிவிடும். சன்னலில் நாலு தக்கைகளைக் கொட்டி வைத்துவிட்டுத் தன்னைப் புஷோன் என்று அழைத்துக்கொள்ளும் கடைகள் சேன் ழான் தெருவில் இன்று எத்தனையோ.

முதலில் வேரைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சில் 'பூஷ்' என்றொரு சொல் இருந்தது. ஒரு பிடி வைக்கோல், ஒரு கட்டுத் தழை என்று பொருள். வாயைக் குறிக்கும் இன்றைய 'பூஷ்' வேறு; அது கன்னம் என்னும் பொருளுள்ள இலத்தீன் 'புக்கா'வின் வழி வந்தது. ஒலி ஒன்றாகிப் போனதால் இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டுகிறவர்கள் உண்டு, ஏற்பதற்கில்லை. தழைக்கட்டு என்னும் பூஷ், காடு, புதர் என்று பொருள்படும் 'போஸ்க்' என்ற அடியிலிருந்து கிளைத்தது. இத்தாலியில் காட்டைப் 'போஸ்கோ' என்பார்கள். பிரெஞ்சில் மரத்துக்கும் காட்டுக்கும் 'புவா', புதருக்கு 'புயிசோன்', சிறு சோலைக்கு 'போஸ்கே'. ஆங்கிலத்தில் புதர் 'புஷ்'. காட்டில் பதுங்கியிருந்து பாய்வது 'ஆம்புஷ்'. நாம் கல்யாண வீட்டில் கையில் கொடுக்கிற 'பொக்கே' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சிறு காடு என்பதே அதன் முதற்பொருள். வடபிரான்சின் பேச்சு வழக்கிலிருந்து பொதுமொழிக்கு ஏறி, பூங்கொத்தாகி, குழம்பில் போடும் மூலிகைக் கட்டாகி, கடைசியில் திராட்சை மதுவின் மணத்துக்கும் பெயராகி நிற்கிறது.

இந்தத் தழைக்கட்டின் குறுமைப் பெயரே புஷோன். பிரெஞ்சு அகாதெமி அகராதியின் பழைய பதிப்புகளைப் புரட்டினால், இங்கே மது விற்கப்படும் என்று காட்ட வீட்டு வாசலில் கட்டும் பசுந்தழை என்ற பொருளைத் தெளிவாகவே காணலாம். லியோனுக்கென்று தனிச்சான்றும் இருக்கிறது. நிசியே து புயிபெலூ என்ற புனைபெயரில் எழுதிய கிளேர் திசேர் (1827–1895) இந்த நகரத்தின் பேச்சுமொழிக்கு அகராதி செய்தவர். தொழிலால் கட்டடக் கலைஞர். க்ருவா ரூஸ் மேட்டுச் சரிவிலுள்ள போன் பஸ்தேர் தேவாலயம் அவர் கட்டியது. தேவாலயத்துக்கு வரைபடம் போட்ட கையாலேயே தெருவோரச் சொற்களையும் திரட்டி வைத்தார். புஷோன் என்பதற்கு அவர் தரும் விளக்கத்தில் தக்கையும் இல்லை, குதிரையும் இல்லை. பைன் மரக்கிளையை இயன்றவரை உருண்டையாகக் கட்டி மதுக்கடை வாசலில் பெயர்ப்பலகைக்குப் பதிலாகத் தொங்கவிடுவது புஷோன். அடையாளத்தின் பெயர் கடைக்கே ஆயிற்று. உள்ளூர்ப் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர் சொல்வதை விட்டுவிட்டு, வழிகாட்டி வேலைக்கு வந்தவர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

வாசலில் தழை தொங்கினால் உள்ளே மது உண்டு என்ற வழக்கம் லியோனோடு நின்றதில்லை. நல்ல மதுவுக்குத் தொங்கவிட்ட ஐவிக்கொடி தேவையில்லை என்ற இலத்தீன் பழமொழியை எராஸ்மஸ் தம் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். ஐவி, மதுக்கடவுள் பாக்கஸுக்கு உரிய கொடி. ஆங்கிலத்தில் அதே பழமொழியில் ஐவியின் இடத்தில் 'புஷ்' வந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் முடிவுரையில் அதைக் காணலாம். ஆஸ்திரியாவில் திராட்சை பயிரிடுபவர் தம் சொந்த மதுவை விற்கும் கடைக்குப் 'புஷன்ஷாங்க்' என்று பெயர். வாசலில் கிளையைக் கட்டும் பழக்கம் அங்கே இன்றைக்கும் போகவில்லை. பட்டினப்பாலை படித்தவர்களுக்கு இது புதுமையாகவே தோன்றாது. புகாரின் கொடிகளைப் புலவர் வரிசையாகக் காட்டும்போது, மீனும் ஊனும் பொரியும் ஓசை கேட்கும் முற்றத்துக்கு மேலே, கள் விலைக்கு உண்டு என்று அறிவிக்கும் கொடியையும் காட்டுகிறார். மதுரைக்காஞ்சியிலும் கள்ளின் கொடி பறக்கிறது. அங்கே துணி, இங்கே தழை. படிக்கத் தெரியாதவனுக்கும் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்ற தேவை ஒன்றே.

தக்கைக் கட்சியார் இப்போது கேட்பார்கள்: தக்கைக்கும் புஷோன் என்றுதானே பெயர்? ஆம், பெயர்தான். ஆனால் எது முந்தியது? அடைத்தல் என்னும் பொருளுள்ள 'பூஷே' என்ற வினையே, ஒரு பிடி வைக்கோலைச் சுருட்டித் துளையை அடைத்ததிலிருந்து பிறந்தது. வைக்கோல் சுருட்டு முதலில். கார்க் மரப்பட்டை வந்தது பிறகு. ஆகவே தக்கை, மதுக்கடைப் புஷோனுக்குத் தாய் ஆகாது, இளைய உடன்பிறப்பு. சாலையில் வண்டிகள் அடைத்து நிற்பதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் புஷோன் என்றே சொல்கிறார்கள். 1971-இல் திறந்த ஃபூர்வியேர் சுரங்கப்பாதையில் கோடை விடுமுறைச் சனிக்கிழமைகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பொருள் நன்றாகத் தெரியும்.

பொருளையும் பாருங்கள். பழைய லியோன் மதுக்கடையில் மது பீப்பாயில் இருந்தது. மேசைக்கு வந்தது 'போ' என்ற கண்ணாடிக் கலத்தில். இன்றும் அப்படியே வருகிறது: 46 சென்டிலிட்டர் கொள்ளும் புட்டி, அடிப்பாகம் கைவிரல் கனத்துக்குத் தடித்த கண்ணாடி, மேசை ஆடினாலும் சாயாது. வாய் திறந்தே இருக்கும். புட்டிக்கு அடைப்பே இல்லாத கடைக்கு அடைப்பின் பெயர் எப்படி வரும்?

குதிரைக் கதையை இன்னும் சுருக்கமாக முடித்துவிடலாம். 'புஷோனே' என்ற வினை, வைக்கோல் பிடியைக் குறிக்கும் புஷோன் என்ற பெயரிலிருந்து வந்தது. கிளையைக் காட்டி வேர் என்று சொல்லலாகாது. மேலும் லியோன் புஷோனில் உண்டவன் யார்? க்ருவா ரூஸ் மேட்டில் பட்டுத்தறி ஓட்டிய 'கனு'. 1831-இலும் 1834-இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்த அந்த நெசவாளிக்குக் குதிரை ஏது?

கனு என்ற சொல்லையும் கதைகட்டிகள் விட்டுவைக்கவில்லை. பஞ்சத்தில் நெசவாளிகள் தம் கைத்தடிகளின் பூணை விற்றுவிட்டு 'வெறுந்தடி' ஆனார்களாம். பிரெஞ்சில் வெறுந்தடியைக் 'கன் நு' என்பதால் கனு என்று ஆயிற்றாம். நெசவு தெரிந்த எவரும் இதை ஒப்பமாட்டார். ஊடைநூல் சுற்றிய குழலுக்குக் 'கனெத்' என்று பெயர். குழலோடு வாழ்ந்தவன் கனு. அவன் விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்து, காலை நடுப்பொழுதில் இறங்கிவந்து, பன்றித் தொத்திறைச்சியும் குடலும் மதுவுமாக உண்ட உணவு 'மாஷோன்'. மெல்லுதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். மாஷோனைக் காப்பதற்கென்றே 1964-இல் இங்கே ஒரு கழகம் கண்டார்கள்.

வருகிறவர்கள் என்ன கேட்டு உண்ண வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கெனெல்': ப்ரோஷே என்ற ஆற்றுமீனின் சதையை அரைத்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து உருட்டி வேகவைத்தது, நன்னீர் இறாலில் செய்த நாந்துவாக் குழம்பு அதன்மேல் வரும். சொல் ஜெர்மன் 'க்னோடெல்' வழி வந்தது. அடுப்பிலிருந்து மேசைக்கு வரும்போது புஸ்ஸென்று உப்பி நிற்க வேண்டும். தட்டையாக வந்தால் அது பழையது. 'தப்லியே த சப்பேர்': மாட்டு இரைப்பையை வேகவைத்து, வெள்ளை மதுவில் ஊறப்போட்டு, ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த அகலத் துண்டு. படைப்பிரிவின் பொறியாளர்கள் கட்டிய தோல் முன்றானையைப் போலிருப்பதால் அந்தப் பெயர். இதில் எனக்கு வழக்கில்லை. 'செர்வெல் த கனு' என்றால் நெசவாளி மூளை. யாரும் அஞ்ச வேண்டாம்: புதுப்பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, பசுமூலிகை, எண்ணெய், காடி சேர்த்து அடித்தது. சைவ உணவுக்காரருக்கு இங்கே கைகொடுப்பது பெரும்பாலும் இதுவும், இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய வாதுமைப் பருப்பில் செய்த ப்ரலீன் பணியாரமும்தான். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவது நல்லது.

உடன்வரும் சொற்களில் இரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 'பிஸ்த்ரோ' ருஷியச் சொல் என்று பாரிசின் மோன்மார்த்ரில் பலகையே வைத்திருக்கிறார்கள். 1814-இல் பாரிசுக்குள் வந்த கோசாக்கு வீரர்கள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்தினார்களாம். சொல்லோ எழுத்தில் தலைகாட்டுவது 1884-இல். எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டால் பலகை வைத்தவர்களிடம் விடை கிடையாது. 'பிரஸ்ரி' மட்டும் நேர்மையான சொல்: மதுவடிசாலை என்று பொருள். லியோனிலுள்ள பிரஸ்ரி ஜார்ஜ் 1836-இல் பீர் வடித்த இடமாகவே தொடங்கியது. பெரிய கூட்டமாக வருகிறவர்களை அங்கே அனுப்பலாம். ஆனால் அது புஷோன் ஆகாது. இந்த ஊர்ப் பெண்கள் நடத்திப் புகழ்பெற்ற பெருஞ்சமையல் கடைகளும் ஆகா. 1933-இல் தம் இரண்டு கடைகளுக்கும் மிஷ்லேன் வழிகாட்டியின் மூன்று விண்மீன்கள் பெற்ற எழேனி பிராசியே அந்த வழியின் தலைமகள். அவருடையது வேறு வரலாறு.

புஷோன் என்று நான் வழிசொல்வது இவற்றுக்கு: மழோர் மர்த்தேன் தெருவில் கஃபே தே ஃபெதெராசியோன், கரே தெருவில் ல கரே, பிசே தெருவில் ஷே உய்கோன், சேன் நிசியே தேவாலயத்துக்குப் பின்புறம் ல மியூசே. கொஞ்சம் செலவானாலும் சரி என்பவர்களுக்குக் கிரெக்கித் தெருவில் தனியேல் எ தெனீஸ். அதன் சமையற்காரர் ழோசெஃப் வியோலா 2009-இல் மாவுறை இறைச்சிக்கான உலகப் போட்டியில் வென்றவர். சின்னக் கடைகள். பக்கத்து மேசைக்காரரின் முழங்கை உங்கள்மேல் படும். பல கடைகள் வார இறுதியில் மூடியிருக்கும். சொல்லிவைக்காமல் போகக் கூடாது.

இனி வாசல். போலிகள் பெருகவே 1997-இல் கடைக்காரர்கள் சங்கம் கூட்டித் தமக்கென ஒரு முத்திரை செய்தார்கள். அதில் இருப்பவன் ஞஃப்ரோன்: கிஞோல் பொம்மலாட்டத்தின் செருப்புத் தைப்பவன், மதுப்பிரியன், சிவந்த மூக்கன். ஒரு கையில் மதுக்கிண்ணம், மறுகையில் நகரச் சின்னம் பொறித்த கைத்துணி. 2012-இல் வணிகச் சபையும் சுற்றுலா அலுவலகமும் முன்நின்று புது முத்திரையும் வந்தது. உள்ளே கிடைப்பது என்ன என்று வாசலில் அறிவிக்கும் பழைய பைன் கொத்தின் வேலையைத்தான் இந்த முத்திரை செய்கிறது. முத்திரை வாங்காத நல்ல புஷோன்களும் உண்டு; அவற்றுக்கு இவ்வூர்க்காரர் வாய்ச்சொல்லே தழை.

தழைக்கட்டிலிருந்தே புஷோன் வந்தது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தக்கை என்று இனியும் எழுத விரும்புகிறவர்கள், போவில் ஏன் தக்கை இல்லை என்பதற்கு முதலில் விடை சொல்லட்டும்.